போன் பெட்டி வாங்கும் முன் நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

மாமனார் தொடங்கிய கடல் பொருள் வியாபாரம். கரையோரம் ஒரு வாடி. அங்கே நண்டும் கணவாயும் எடுத்து ஐஸ் போட்டு அனுப்புகிறார்கள், கருவாடும் காய வைக்கிறார்கள். ராமநாதபுரத்தில் சின்ன அலுவலகமும் அதை ஒட்டி ஒரு சில்லறைக் கடையும். வாடியில் 6 பேர், அலுவலகத்தில் 3 பேர். மாமனார் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. கணவர் லோடு, வெளியூர் வசூல் என்று அலைய, அன்றாட நிர்வாகம் இவர் கையில்.

வாடியில் 04573 என்று தொடங்கும் பழைய லேண்ட்லைன் ஒன்று இருக்கிறது. பில் புத்தகம், ஐஸ் பெட்டி, வருடா வருடம் அடிக்கிற காலண்டர் எல்லாவற்றிலும் அந்த நம்பர்தான். இணைப்பு இன்னும் மாமனார் பெயரில். செம்புக் கம்பி என்பதால் மழை வந்தால் இரைச்சல், பல நாள் சத்தமே இருப்பதில்லை. ஆறு வருடம் கணக்குப் பார்த்தவர் போன தீபாவளியோடு வேலையை விட்டுவிட்டு, அதே தொழிலில் வேறொருவரிடம் சேர்ந்துவிட்டார். விசிட்டிங் கார்டில் போட்டிருந்த செல் நம்பர் அவரிடம்தான் இருக்கிறது. கொச்சி, மதுரை வியாபாரிகள் இன்னும் அந்த நம்பருக்குத்தான் அழைக்கிறார்கள்.

இப்போது மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. உள்ளூர் டீலர் ஒருவர் 8 வெளி லைன், 24 எக்ஸ்டென்ஷன் (உள் இணைப்பு) உள்ள ஈபிஏபிஎக்ஸ், அதாவது உள்ளே பல போன்களை இணைக்கும் பெட்டிக்கு 1,20,000 ரூபாய் மதிப்பீடு கொடுத்திருக்கிறார். கூடவே சிம் போடுகிற ஒரு கருவியையும் வைத்தால் “இரண்டு இடத்துக்கும் பேச்சு இலவசம்” என்கிறார். வெளியூர் நிறுவனம் ஒன்று கிளவுட் டெலிபோனி (பெட்டி இல்லாமல் இணையம் வழியாக அழைப்பைப் பிரித்து அனுப்பும் சேவை) என்று வருடச் சந்தாவை முன்பணமாகக் கேட்கிறது. “ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்” என்று பேசும் குரல், எல்லா அழைப்புக்கும் பதிவு, ஒரே நேரத்தில் 5,000 பேருக்கு விளம்பர அழைப்பு எல்லாம் உண்டு என்கிறார்கள். தம்பியோ, “எல்லார் கையிலயும் செல் இருக்கு, எதுக்குக்கா இதெல்லாம்?” என்கிறார்.

காலையில் படகு வரும் வேளையில் ஒரு மணி நேரத்துக்கு 30 அழைப்பு வரை வருவதாகவும், பாதி கைவிட்டுப் போவதாகவும் எழுதியிருக்கிறார். எதை வாங்குவது, பழைய நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றலாமா, போனவரிடமிருந்து நம்பரைத் திரும்ப வாங்க வழி உண்டா, பணியாளர் பேச்சைப் பதிவு செய்யலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் எந்தப் பெட்டி, எத்தனை எக்ஸ்டென்ஷன் என்பதைப் பற்றி இருக்கிறது. ஆனால் உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் எதுவும் பெட்டி இல்லாததால் வரவில்லை. நம்பர் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இல்லை. மணி அடித்தால் யார் எடுக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. இந்த இரண்டையும் சரி செய்யாமல் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குப் பெட்டி வைத்தாலும், அடுத்த கணக்காளர் போகும்போது இதே கதை நடக்கும். அதனால் நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிக்கொண்டு பதில் சொல்கிறேன்.

மாமனார் பெயரில் உள்ள லேண்ட்லைன்

இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டும். இறந்தவர் பெயரில் உள்ள இணைப்பில் திட்டம் மாற்றவோ, ஃபைபருக்கு மாற்றவோ, இடம் மாற்றவோ போனால் ஒவ்வொரு முறையும் கவுண்டரில் நிற்க வேண்டியிருக்கும். பில் கட்ட ஒரு தடவை தவறி இணைப்பு போய்விட்டால் உரிமை கேட்கவும் ஆள் இருக்காது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் ஆகியவற்றோடு பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுக்கலாம். உங்கள் இரண்டு நாத்தனார்களும் வெளியூரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒரு போன் லைனுக்கா இவ்வளவு என்று தோன்றலாம். முப்பது வருடமாக உங்கள் மாமனாரை நம்பிச் சரக்குப் போட்ட சம்மாட்டிகள் (படகு உரிமையாளர்கள்) மனப்பாடமாக வைத்திருக்கும் நம்பர் அது. உங்கள் வாடியிலேயே அதற்கு ஈடான சொத்து குறைவு.

அந்த நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். அது முடியாது. நம்பரை வைத்துக்கொண்டே கம்பெனி மாறும் வசதி இந்தியாவில் செல்போனுக்கு மட்டும்தான், 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. லேண்ட்லைனுக்கு அது வரவில்லை. “பழைய நம்பரை நாங்களே எங்கள் பக்கம் கொண்டுவந்து தருகிறோம்” என்று யாராவது சொன்னால், எப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது கால் ஃபார்வர்டிங், அதாவது வரும் அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பிவிடுவதாகத்தான் இருக்கும். பழைய இணைப்பு உயிரோடு இருக்கும் வரைதான் அது வேலை செய்யும்.

நீங்கள் செய்யக்கூடியது, இப்போதைய கம்பெனியிலேயே செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு அதே நம்பரோடு மாற முடியுமா என்று கேட்பது. உங்கள் பகுதிக்கு ஃபைபர் வந்திருந்தால் பெரும்பாலும் முடியும். மழைக்கால இரைச்சல் போய்விடும். இன்னொரு நன்மையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் செம்புக் கம்பி வழியாக மின்னழுத்தம் உள்ளே வந்து கருவிகளைப் பொசுக்கும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது.

ஆனால் ஒன்று குறையும். பழைய லைனுக்கான மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட்டாகக் கம்பியில் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் ஊரெல்லாம் கரண்ட் போனாலும் போன் பேசியது. ஃபைபரில் அப்படி இல்லை. சுவரில் மாட்டும் அந்தச் சின்னப் பெட்டிக்கு உங்கள் வீட்டுக் கரண்ட் வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு பயன் உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப் பிசினஸை லேண்ட்லைன் நம்பரிலேயே தொடங்கலாம். சரிபார்க்கும் எண்ணைக் குறுஞ்செய்தியாகக் கேட்காமல், அழைத்துச் சொல்லும்படி தேர்ந்தெடுத்தால், லேண்ட்லைன் மணி அடித்து எண்ணைச் சொல்லும். அப்புறம் ஐஸ் பெட்டியில் அச்சடித்திருக்கும் அதே நம்பருக்குக் கருவாடு ஆர்டர் வாட்ஸ்அப்பில் வரும். ஒரு முதன்மை போனோடு இன்னும் 4 கருவிகளை இணைத்துக்கொள்ளலாம். முதன்மை போன் உங்கள் கையில் இருக்கட்டும், கடையில் இருப்பவர் கணினியில் பதில் சொல்லட்டும். இரட்டைச் சரிபார்ப்புக்கான 6 இலக்க எண்ணை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போனவரிடம் உள்ள செல் நம்பர்

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆறு வருடம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். “ரீசார்ஜ் செய்தது நாங்கள், கார்டு அடித்தது நாங்கள், அப்போது நம்பர் எங்களுடையதுதானே” என்ற கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் சிம் யாருடைய ஆதாரில் வாங்கப்பட்டதோ அவர்தான் சந்தாதாரர். ரீசார்ஜ் யார் செய்தார்கள் என்பதைக் கம்பெனி பார்க்காது. சிம்மைத் திருடிவிட்டார் என்று புகார் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அவர் பெயரில் உள்ள பொருளை அவர் வைத்திருப்பது திருட்டில்லை. வாடிக்கையாளர் பட்டியலையோ கணக்குப் புத்தகத்தையோ எடுத்துப் போயிருந்தால் அது வேறு விஷயம், அதற்கு வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஊர்ப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசிப் பாருங்கள். அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அந்த நம்பரை நிறுவனத்தின் பெயருக்கு மாற்ற முடியுமா என்று ஆபரேட்டரிடம் கேட்கலாம். சம்மதிக்காவிட்டால் அதன் பின்னால் அலைய வேண்டாம். உங்கள் விற்பனைப் பில்களில் வியாபாரிகளின் நம்பர் இருக்கும். கொச்சிக்கும் மதுரைக்கும் நீங்களே ஒவ்வொருவராக அழைத்து, “இனிமேல் இந்த நம்பர், பேசுவது நான்” என்று சொல்லுங்கள். ஒருவருடைய குரலைக் கேட்டுப் பேசி முடித்த வியாபாரம் ஒரு விசிட்டிங் கார்டால் மட்டும் போய்விடாது.

இனி எடுக்கும் சிம்களை நிறுவனத்தின் பெயரில், ஜிஎஸ்டி ஆவணங்களைக் கொடுத்து, பிசினஸ் இணைப்பாக எடுங்கள். இந்த வகையில் சிம்மைப் பயன்படுத்தப் போகும் ஊழியருக்கும் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) செய்ய வேண்டும். ஆனால் உரிமை நிறுவனத்திடம் இருக்கும். எல்லாவற்றையும் உங்கள் சொந்தப் பெயரிலேயே வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு ஆளுக்கு 9 இணைப்புதான் வரம்பு, வீட்டிலுள்ள சிம்களும் அதில் சேரும். அதைத் தாண்டினால் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் அபராதம் உண்டு. உங்கள் பெயரில் இப்போது எத்தனை ஓடுகிறது என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை லைன் வேண்டும்

டீலர் 8 லைன், 24 எக்ஸ்டென்ஷன் என்று எழுதியிருக்கிறார். நீங்கள் 9 பேர். வாடியில் உள்ள 6 பேரில் 4 பேர் கை ஐஸிலும் நண்டிலும் இருக்கும். அவர்கள் பக்கத்தில் போன் வைத்துப் பயனில்லை.

லைனைக் கணக்கிட ஒரு பழைய முறை இருக்கிறது. ஏர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர் 1917இல் வெளியிட்ட வாய்பாடு. எக்ஸ்சேஞ்சுகளை இன்றும் அதை வைத்துத்தான் அளக்கிறார்கள். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். உச்ச நேரத்தில் மணிக்கு 30 அழைப்பு, ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்றால் 90 நிமிடப் பேச்சு, அதாவது சராசரியாக ஒன்றரை லைன். ஆனால் அழைப்புகள் வரிசையாக வருவதில்லை, படகு வந்ததும் கொத்தாக வரும். அதற்கும் சேர்த்துப் பார்த்தால் 4 லைன் இருந்தால் நூற்றில் 5 பேருக்கு பிஸி என்று வரும். 5 லைன் இருந்தால் ஒன்றிரண்டு பேருக்குத்தான். எட்டு தேவையே இல்லை.

அதைவிட முக்கியம், 5 லைன் இருந்தும் எடுக்க 2 பேர்தான் இருந்தால் மூன்று போன் சும்மா அடித்துக்கொண்டிருக்கும். பாதி அழைப்பு தவறுகிறது என்றீர்களே, அது லைன் போதாததாலா, எடுக்க ஆள் இல்லாததாலா? இரண்டு வாரம் ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள். விசைப்படகு கடலுக்குப் போய்வரும் நாளும் நாட்டுப்படகு நாளும் தனித்தனியாக இருக்கட்டும். வடகடல் (பாக் நீரிணை) சரக்கு வரும் காலையும் தென்கடல் (மன்னார் வளைகுடா) சரக்கு வரும் காலையும் ஒன்றுபோல் இருக்காது என்பது உங்களுக்கே தெரியும். தவறிய அழைப்பு வந்த நேரத்தில் மற்ற போன்கள் பேச்சில் இருந்தனவா, சும்மா இருந்தனவா என்று மட்டும் குறித்தால் போதும்.

டீலர் சொல்லும் சிம் கருவி

ஈபிஏபிஎக்ஸ் நல்ல கருவிதான். ஒரே கட்டடத்தில் பத்து இருபது மேசை உள்ள இடத்துக்கு, லாட்ஜுக்கு, மருத்துவமனைக்கு அது சரி. உங்களுடையது நாற்பது கிலோமீட்டர் அளவில் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு இடங்கள். ஒரு இடத்தில் வைத்த பெட்டி மற்ற இடத்துக்கு உதவ வேண்டுமென்றால் இணையம் வழியாகத்தான் போக வேண்டும். அங்கேதான் டீலர் அந்த சிம் கருவியைக் கொண்டு வருகிறார்.

இதில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் இரண்டு இடங்களுக்குள் எக்ஸ்டென்ஷனிலிருந்து எக்ஸ்டென்ஷனுக்குப் பேசிக்கொள்வது ஒன்று. வெளி அழைப்புகளை இணையத்தில் ஏற்றிக்கொண்டுபோய், மறுமுனையில் சிம் போட்ட பெட்டி வழியாகப் பொது நெட்வொர்க்கில் இறக்குவது வேறு. அப்படிச் செய்வது அனுமதி இல்லாத தொலைபேசிச் சேவை என்று பார்க்கப்படும். சிம் பாக்ஸ் வழக்குகள் எல்லாம் இந்த வகைதான். 2023 சட்டத்தில் அனுமதி இல்லாமல் நெட்வொர்க் நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. இலங்கைக்கு எதிரே இருக்கும் கரையில் பல சிம் போட்ட பெட்டியோடு ஒரு வாடி இருந்தால், நீங்கள் நண்டுதான் விற்கிறீர்கள் என்று விளக்கிச் சொல்லவே பல நாள் ஆகும். இன்று மாதத் திட்டத்திலேயே உள்நாட்டுப் பேச்சு வரம்பில்லாமல் வருகிறது. மிச்சப்படுத்த அதில் எதுவும் இல்லை.

நாளைக்கு வியாபாரம் வளர்ந்து அலுவலகத்தில் பத்து மேசை வந்தால், உரிமம் பெற்ற கம்பெனியிடமிருந்து சிப் டிரங்க் (இணையம் வழியாக வரும் போன் லைன்கள்) எடுத்து, அதில் ஓடும் ஐபி பெட்டி வைக்கலாம். வாடியில் ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கலாமா என்பதை அந்தக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு இணைய வேகம் போதுமா என்று பயப்பட வேண்டாம். ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு திசையிலும் 100 கிலோபிட் ஒதுக்கினால் தாராளம், ஐந்து பேச்சுக்கு அரை மெகாபிட். வேகத்தைவிடத் தாமதமும் விட்டு விட்டு வருவதும்தான் பேச்சைக் கெடுக்கும். ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேசுகிறவர்களுக்குத் தெரியாது.

கிளவுட் டெலிபோனி

உங்கள் மூன்று யோசனைகளில் உங்களுக்குப் பொருத்தமாக வருவது இதுதான், ஆனால் அவர்கள் விற்கிற வடிவத்தில் இல்லை. ஒரு நம்பருக்கு வரும் அழைப்பை நேரத்துக்குத் தக்கபடி யாருடைய செல்லுக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒருவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்குப் போகும், யாரும் எடுக்காத அழைப்பு பட்டியலில் நிற்கும். பணியாளர் வேலையை விட்டால் பட்டியலில் அவர் நம்பரை எடுத்துவிட்டு வேறு நம்பரைப் போட்டால் சரி. வெளியே அச்சடித்த நம்பர் மாறவே மாறாது. போன தீபாவளிக்கு உங்களுக்கு நேர்ந்ததற்கு இது நேரடியான மருந்து.

பேசும் குரலை மட்டும் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். விடியற்காலை கரைக்கு வரும் வழியில், காற்றிலும் என்ஜின் சத்தத்திலும் நின்று அழைக்கும் சம்மாட்டியிடம் “கொள்முதலுக்கு ஒன்றை அழுத்தவும்” என்று சொன்னால், அவர் வைத்துவிட்டு அடுத்த வாடிக்குப் போடுவார். காலை 3 மணி முதல் 9 மணி வரை எந்தக் குரலும் இல்லாமல் நேராக வாடியில் மணி அடிக்கட்டும். 9 மணிக்கு மேல் அலுவலகம். அப்போது வேண்டுமானால் மொத்தம், சில்லறை என்று இரண்டே தேர்வு. அதற்கு மேல் வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். குரல் நம் ஊர்த் தமிழில் இருக்கட்டும், உங்கள் குரலிலேயே பதிந்து கொடுக்கலாம்.

வருடச் சந்தாவைக் கட்டாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுச் சரக்கு இல்லை, உங்கள் அழைப்பும் பாதிக்கு மேல் குறையும். மாதத் திட்டம் இருந்தால் அப்போது சின்னத் திட்டத்துக்கு இறங்கிக்கொள்ளலாம். விலையைப் பேசும்போது உள்ளே வரும் அழைப்பை உங்கள் செல்லுக்கு அனுப்ப நிமிடத்துக்கு எவ்வளவு, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா தனியா, உங்கள் ஊழியர் செல்லில் வாடிக்கையாளர் நம்பர் தெரியுமா என்று கேளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, நீங்கள் அவர்களை விட்டுப் போனால் அந்த நம்பர் உங்களோடு வருமா என்பது. வராது என்றால் அதை ஐஸ் பெட்டியில் அச்சடிக்கக் கூடாது. நிறுவனப் பெயரில் உள்ள உங்கள் சொந்த செல் நம்பரை வெளியே கொடுத்து, அதிலிருந்து கிளவுட் நம்பருக்குத் திருப்பிவிடுவது பாதுகாப்பு. நாளைக்கு அந்த நிறுவனம் பிடிக்காவிட்டால் திருப்புவதை எடுத்துவிட்டால் போதும்.

5,000 பேருக்கு ஒரே நேரத்தில் விளம்பர அழைப்பு என்றார்களே, அதை அப்படியே மறந்துவிடுங்கள். விளம்பர அழைப்புக்குப் பதிவு செய்து 140 என்று தொடங்கும் எண் வரிசையில்தான் போக வேண்டும். சாதாரண நம்பரிலிருந்து பதிவில்லாமல் அழைப்பவர்களின் இணைப்புகளைத் துண்டித்து 2 ஆண்டு வரை கறுப்புப் பட்டியலில் வைக்கும்படி 2024 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் உத்தரவிட்டது. விளம்பரத்துக்கு ஆசைப்பட்டு வியாபார நம்பரையே இழக்க நேரும்.

பதிவு செய்வது

விலை, எடை, எத்தனை பெட்டி என்பதில் தகராறு வரும்போது பதிவு உதவும் என்பது சரி. “என் கம்பெனி போன், யாரிடமும் சொல்லத் தேவையில்லை” என்பது சரியில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கடமைகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு எடுப்பதுதான் அதன் அடிப்படை. பகலில் அலுவலக லைனில் “இந்த அழைப்பு பதிவாகிறது” என்று ஒரு வரி போதும். காலை வாடி லைனில் அறிவிப்பு வைக்க முடியாது என்பதால் அங்கே பதிவே வேண்டாம். ஊழியர்களிடம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அவர்கள் வீட்டுக்குப் பேசும் சொந்த செல்லைத் தொடாதீர்கள். கணக்கு முடிந்ததும் பழைய பதிவுகளை அழித்துவிட ஒரு நாள் வையுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் யார் என்ன பேசினார்கள் என்று கேட்கத்தான் பதிவு என்றால், அது உள்ளே இருக்கும் நல்லவர்களையும் வெளியே அனுப்பிவிடும்.

கரண்ட், உப்பு, மழை

எந்தக் கம்பெனியின் விளக்கத் தாளிலும் இல்லாத பகுதி இது. ஃபைபர் பெட்டி, ரூட்டர், ஒரு மேசை போன் மூன்றுக்கும் சேர்த்து 40 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடியில் ஏற்கெனவே 150 ஆம்பியர் மணி இன்வெர்ட்டர் பேட்டரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல நிலையில் இருந்தால், இழப்பெல்லாம் போக அது ஒரு நாளைக்குக் கிட்ட இவற்றை ஓட்டும். ஆனால் அதே இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் டிவியும் ஓடினால் நாலைந்து மணி நேரத்தில் படுத்துவிடும். போன் கருவிகளுக்கு மட்டும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று தனியாக வாங்கி மாட்டுங்கள்.

கருவிகளை ஐஸ் உடைக்கும் இடத்திலும் கருவாட்டுக் கொட்டகையிலும் வைக்காதீர்கள். உப்பு ஈரம் ஜாக்கின் உள்ளே பச்சைப் பூத்துவிடும், பேச்சு கரகரக்கும், எல்லோரும் லைனைக் குறை சொல்வார்கள். மூடிய பெட்டியில், உள்ளறைச் சுவரில், தரையிலிருந்து இடுப்புக்கு மேல் உயரத்தில் வையுங்கள். உயரம் ஏன் என்றால், 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாடிக்கு வெளியே சத்தமாக அடிக்கும் தனி மணி ஒன்று மாட்டுங்கள், நீங்கள் வாங்கப்போவதில் மலிவானதும் அதிகம் பயன்படப்போவதும் அதுதான்.

ஃபைபர் ஒரு கம்பெனி என்றால், வாடி செல் வேறு கம்பெனியாக இருக்கட்டும். புயல் நேரத்தில் இரண்டும் ஒன்றாகப் படுக்கும் வாய்ப்பு குறையும். உங்கள் வண்டி தனுஷ்கோடி வரை போகும் என்பதால் இதையும் சொல்கிறேன். அரிச்சல்முனைப் பக்கம் செல் தானாக இலங்கை நெட்வொர்க்கைப் பிடிக்கும். டிரைவரின் செல்லில் வெளிநாட்டு ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ரோமிங் கட்டணம் வரும், அல்லது அழைப்பே போய்ச் சேராது. தடைக்காலத்தில் சும்மா கிடக்கும் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விடாதீர்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் துண்டித்து, பிறகு அந்த நம்பரை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

தம்பி சொன்னதும் என் யோசனையும்

உங்கள் தம்பி சொல்வதில் பெரும்பகுதி சரி. உங்கள் அளவுக்கு செல் போதும், ஆனால் நிறுவனத்தின் செல். லேண்ட்லைனைப் பெயர் மாற்றி ஃபைபருக்குக் கொண்டுபோங்கள். நிறுவனப் பெயரில் வாடிக்கு ஒன்று, அலுவலகத்துக்கு இரண்டு என மூன்று சிம் எடுங்கள். அலுவலக நம்பர் ஒன்றுக்கு மட்டும் மூன்று மாதம் கிளவுட் சேவையை ஓட்டிப் பாருங்கள். ஈபிஏபிஎக்ஸ் மதிப்பீட்டை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம், டீலர் உள்ளூர்க்காரர், நாளைக்கு மணி மாட்டவும் வயர் இழுக்கவும் அவர் வேண்டும். லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு அழைக்கும்போது முன்னால் 0 போட வேண்டும், 2021 ஜனவரி 15 முதல் இதுதான் விதி. வாடியில் பழைய ஆட்களுக்கு இதைச் சொல்லி, போன் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

மாற்றத்தைத் தடைக்காலத்தில் செய்வது நல்லது. மே மாதத்துக்குள் புது நம்பர்களோடு பில் புத்தகமும் பெட்டி ஸ்டிக்கரும் அடித்து, ஜூன் 14 இரவுக்குள் எல்லாச் சம்மாட்டிகளுக்கும் ஒரு முறை அழைத்துப் பேசிவிட்டால், முதல் படகு திரும்பும்போது குழப்பம் இருக்காது. வாரிசுப் பெயர் மாற்றத்தை மட்டும் அதுவரை தள்ளாதீர்கள். இரண்டு வார நோட்டு எழுதி முடித்ததும் அனுப்பி வையுங்கள். எத்தனை லைன் எடுப்பது, காலையில் இரண்டாவது ஆளாக யார் செல்லில் மணி அடிக்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.